சாம்பல் வாளிக்காரன்

லைல் அந்தத் தகர வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் எழுநூறு பேர் வாய் மூடி இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்பார்கள். சிலர் தலை தாழ்த்துவார்கள். போன வருஷம் அயோவாவிலிருந்து வந்த ஒரு கிழவர் அவன் சட்டைக் கையைத் தொட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு, கொடுத்து வைத்த மனுஷன் என்று தோன்றும். அவனுக்கோ அந்த ஐந்து நிமிஷமும் நடுத்தெருவில் அம்மணமாக நடப்பது போலிருக்கும். அந்த விழாவில் நிஜமாகவே துணியில்லாமல் திரிகிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்களில் ஒருவர்கூட இவன் அளவுக்குக் கூசியிருக்க மாட்டார்கள்.

விழா தொடங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் மொத்தமே முப்பத்தோரு பேர். விஸ்கான்சினில் டெஸ்மண்டின் மாட்டு மேய்ச்சல் நிலத்தில், சாணிக்கு நடுவில் இடம் பார்த்துக் கூடாரம் அடித்தார்கள். எல்லாரும் பேகன்கள். தேவாலயத்தை விட்டுவிட்டு மரத்தையும் நெருப்பையும் பழைய தெய்வங்களையும் கும்பிடப் போனவர்கள். சொந்தக்காரர்களுக்கு இவர்களைப் பற்றிப் பேசவே பிடிக்காது. ஜூன் மாதத்தில் பகல் மிக நீளமாக இருக்கும் வாரம், வியாழக்கிழமை நெருப்பு மூட்டினால் ஞாயிறு வரை அதை அணைய விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி சாம்பல் அள்ளி வைத்து, அடுத்த வருஷம் அதைக் குழியில் கொட்டி, அதன் மேல்தான் புது விறகு அடுக்க வேண்டும்; மறுபடி அள்ளும் வாளியில் பழைய சாம்பலும் கலந்தே வரும். டெஸ்மண்ட் ஏற்படுத்திய வழக்கம் இது.

"ரொட்டி மாவுல பழைய மாவு ஒரு உருண்டை சேர்க்கிறோமே, அது மாதிரிதான். நெருப்பு ஒண்ணேதான். வருஷம்தான் வேற" என்றான் டெஸ்மண்ட். "யாருகிட்டப்பா மூடி போட்ட வாளி இருக்கு?"

லைல் வீட்டில் விறகு அடுப்பு இருந்தது. சாம்பல் அள்ளுகிற வாளிகள் ஒரே மாதிரி இரண்டு வைத்திருந்தான். வாளி இருக்கிறவன் தலையில் வேலை விழுந்தது. அவ்வளவுதான் கதை. அவனுக்குத் தெய்வ அருளும் இல்லை, தவமும் இல்லை. பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு மெக்கானிக்.

நாலாவது வருஷம் கொரின் வந்தாள். அதற்கு முந்தின குளிர்காலத்தில்தான் அவள் மகன் எமெட் மோட்டார் சைக்கிளில் போய்ச் செத்திருந்தான். பத்தொன்பது வயது. அவளை விட்டுப் போன புருஷன் பிள்ளையின் அஸ்தியைத் தன் தேவாலயத்துக் கல்லறையில் புதைத்துவிட்டான். அவளைச் சாமி இல்லாதவள் என்று சொல்லி, புதைக்கும்போது பக்கத்தில்கூட நிற்க விடவில்லை. கெஞ்சி, வக்கீல் வைத்து, அவள் வாங்கியது ஒரு தேயிலை டப்பா அளவு. அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் நெருப்பண்டையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை லைல் சாம்பல் அள்ளும்போது எழுந்து வந்தாள்.

"இவனை இதுல கலந்துக்கலாமா? குழியில போட்டா சிதறிடுவான். வாளியில போட்டா அடுத்த வருஷம் நெருப்புக்கு முழுசாப் போவான்."

லைல் தலையாட்டினான். அவளே டப்பாவைக் கவிழ்த்து, கையாலேயே கலந்து, மூடியை அழுத்தினாள்.

"ஒரு வருஷம் உன் பொறுப்பு. பத்திரமா வெச்சுக்க" என்றாள்.

"வெச்சுக்கறேன்" என்றான் அவன்.

ஏழு மாதம் பத்திரமாகத்தான் இருந்தது. ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி முழுக்க, விழுந்த இடத்திலேயே உறைகிற மழை பெய்தது. லைல் வீடு மேட்டில். கீழே சாலை வரைக்கும் சரிவான சரளைப் பாதை. காலை ஆறு மணிக்குப் பார்த்தால் பாதை கண்ணாடி. அவன் போனால்தான் இருபத்திரண்டு பேருந்துகள் கிளம்பும். கண்காணிப்பாளன் போனில் கத்துகிறான். அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிறபடி அவனும் அடுப்புச் சாம்பலை அள்ளிப் பாதையில் தூவினான். சாம்பல் விழுந்தால் சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்கும். பாதிப் பாதையிலேயே வாளி காலி. வண்டியை எடுத்தான். அது வழுக்கிக்கொண்டு போய் வேலியில் இடித்து நின்றது.

கொட்டகையில் இரண்டாவது வாளி இருந்தது.

தெரியாமல் எடுத்துவிட்டான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படிச் சொன்னால் அது பொய். இரண்டும் ஒரே மாதிரி வாளி, ஆனால் எது எது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மூடியில் கொரின் கட்டிவிட்ட சிவப்பு நூல்கூட அப்படியே இருந்தது. கொஞ்சம்தானே, பாதிதானே, மிச்சம் இருக்குமே என்று எடுத்தான். ஒரு கை அள்ளினான், இன்னொரு கை அள்ளினான். பனியில் கால் வழுக்கியது, கோபம் தலைக்கு ஏறியது, வாளியைக் கவிழ்த்து ஓங்கி வீசினான். பிறகு அதன் மேல் வண்டியை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். பேருந்துகள் சரியான நேரத்துக்குக் கிளம்பின. கண்காணிப்பாளன் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி ஜெனல் கேட்டாள். "காலையில ஜன்னல்ல பார்த்தேன். நீ வீசினது அந்தப் பொண்ணோட வாளி இல்லையே?"

"இல்ல" என்றான். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தான். "ஆமா" என்றான்.

ஜெனல் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஜூன்ல அவகிட்ட சொல்லிடு" என்றாள்.

"சொல்லிடறேன்."

ஜூன் வந்தது. வாளியில் அடுப்புச் சாம்பலை நிரப்பி, சிவப்பு நூலைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனான். கொட்டுவதற்கு முன்னால் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் போனான். அவளோ, அவன் வண்டியை நிறுத்தும் முன்பே ஓடி வந்தாள். வாளி முன்னால் மண்டியிட்டாள். மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டாள். "எமெட், அம்மா வந்துட்டேன்டா. குளிர்ல கஷ்டமா இருந்துச்சா?" என்றாள். அவன் அவளைத் தனியே கூப்பிடவில்லை; வாளியைத் தூக்கிக்கொண்டு குழிக்கு நடந்தான். அவனோடு கூட வந்திருந்த ஜெனல் அன்று மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் விழாவுக்கு வரவே இல்லை. ஆனால் வருஷா வருஷம் ஒரு பெரிய பாத்திரத்தில் உருளைக்கிழங்கு சாலட் செய்து, கொரினுக்கு என்று பேர் எழுதி லைலிடம் கொடுத்து அனுப்புவாள்.

விழா வளர்ந்தது அந்த வாளியால்தான். கொரின் தன் மகன் கதையை ஒருத்தியிடம் சொன்னாள், அவள் நாலு பேரிடம் சொன்னாள். அடுத்த வருஷம் பதினோரு பேர் சின்னச் சின்ன டப்பாக்களோடு வந்தார்கள். கல்லறையில் இடம் மறுக்கப்பட்டவர்கள், குடும்பத்தால் ஒதுக்கப்பட்டவர்கள். டப்பாவில் ஒருவருக்கு அம்மா, ஒருவருக்குக் கூட வாழ்ந்த துணை, ஒருவருக்குப் பதினாறு வருஷம் கூடவே கிடந்த நாய். பிறகு நூற்று நாற்பது பேர், முன்னூறு பேர். மாட்டு நிலம் போதவில்லை. ஏரிக்கரையில் பெரிய முகாம் இடம் பிடித்தார்கள். குழு வைத்தார்கள், துணைக்குழு வைத்தார்கள், வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒரு குழு, அந்தக் குழு சண்டை போட்டால் சமாதானம் பேச ஒரு குழு. ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு நாலு மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். வாசல் பொறுப்பு கொரினுக்கு. புதிதாக வருகிறவர்களை உட்கார வைத்து, எங்கே தண்ணீர், எங்கே கழிப்பறை என்று சொல்லிவிட்டு, கடைசியில் சாம்பல் கதையையும் அவள்தான் சொல்வாள். யாரோ லைலுக்கு என்று தோளில் போடும் பட்டை ஒன்றைப் பூவேலை செய்து கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றால், என்ன அடக்கம் பாருங்கள் என்றார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஜனவரிக்குப் பிறகு அவன் வாளியிலிருந்து ஒரு சிட்டிகைகூட விழாக் குழியைத் தவிர வேறெங்கும் போனதில்லை. படுக்கையறை அலமாரியில் பூட்டி வைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் இனி ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் பார்த்து என்ன செய்ய?

இந்த வருஷம் புதன்கிழமை, விழாவுக்கு முந்தின நாள். கூடாரங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. டெஸ்மண்ட் வேலைப் பட்டியலை வைத்துக்கொண்டு புலம்பினான்.

"பாரு லைல். தெய்வத்தைக் கூப்பிட அம்பது பேர் பேர் குடுத்திருக்காங்க. கக்கூசுக்குப் பேப்பர் போட ஒருத்தன் இல்ல. நம்ம ஆளுங்க எல்லாம் பூசாரிங்கப்பா."

"நான் போடறேன்" என்றான் லைல்.

"நீயா? நீ சாம்பல் காவலன்டா. உன்னைக் கக்கூசுக்கு அனுப்பினா ஜனங்க என்னைக் குழியில தள்ளிடுவாங்க."

லைல் சிரிக்கவில்லை. அந்த நேரம் கொரின் தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். இடுப்பு எலும்பு தேய்ந்து போயிருந்தது. "ஒரு நிமிஷம் வர்றியா? தனியா" என்றாள்.

சாமான் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். வாளி அங்கேதான் ஒரு பலகை மேல் இருந்தது. அவள் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியில் உட்கார்ந்தாள்.

"இதுதான் எனக்குக் கடைசி வருஷம் லைல். அரிசோனாவுல தங்கச்சிகிட்ட போறேன். இந்தக் குளிர் இனிமே ஒத்துக்காது. திரும்ப வர மாட்டேன்."

"அப்படியா" என்றான். அவன் மனசுக்குள் ஒரு குரங்கு குதித்தது. போகிறாள், இனிமேல் வர மாட்டாள். அப்படிக் குதித்ததே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். "ஒரே ஒரு கரண்டி குடு. எமெட்டைக் கூட்டிட்டுப் போறேன். நான் செத்தா இதை என்கூட வெக்கச் சொல்லியிருக்கேன்."

லைல் மூடியைத் திறந்தான். கரண்டியால் அள்ளினான். கொடுத்துவிட்டால் முடிந்தது. ஞாயிறு போனால் அவள் எங்கேயோ, இவன் எங்கேயோ. குப்பியின் வாய் வரைக்கும் கரண்டி போய்விட்டது. அவள் குப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தண்ணீர் வாங்கிக் குடிக்கிற குழந்தை போலப் பிடித்திருந்தாள். அவன் கரண்டியை வாளியில் திரும்பக் கொட்டினான்.

"அவன் இதுல இல்ல, கொரின்."

"என்ன இல்ல?"

"எமெட். அவன் இதுல இல்ல. முதல் ஜனவரியிலயே..." என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். மழை, சரிவு, முதல் வாளி காலியானது, இரண்டாவது வாளி. தெரியாமல் எடுத்தேன் என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தது. அங்கேயும் பொய் சொல்லவில்லை.

அவள் குப்பியைப் பிடித்த பிடியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள். "கையால தூவினியா, அப்படியே கொட்டினியா?"

"முதல்ல தூவினேன். அப்புறம் கொட்டினேன்."

"மேல வண்டி ஏத்தினியா?"

"ஏத்தினேன்."

"பனி உருகினா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

"கீழ. தபால் பெட்டி பக்கத்துல ஒரு வடிகால் இருக்கு. அங்க போகும்."

"ஜெனலுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஓஹோ" என்றாள். "அந்த உருளைக்கிழங்கு சாலட் அதுக்குத்தானா? பதிமூணு வருஷமா நன்றி சொல்லி அனுப்பினேனே."

லைலுக்கு அழுகை வந்தது. அவள் கையை உயர்த்தினாள். "அழாத. நீ அழுதா நான் உன்னைச் சமாதானப்படுத்தணும். அது என்னால ஆகாது."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். பட்டையைக் கழட்டிடறேன். வேற யாராவது எடுத்துக்கட்டும்."

"எதுக்கு?"

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்ல."

"குடி. தனியாக் குடி" என்றாள். அவள் குரல் ஏறவே இல்லை. "எனக்கு அப்புறம் வந்தவங்களோடது? அவங்க ஆளுங்க இதுல இருக்காங்களா? உண்மையைச் சொல்லு."

"இருக்காங்க. சத்தியமா. ஒரு சிட்டிகைகூட நான் வெளிய விடல."

அவள் வாளியை எட்டிப் பார்த்தாள். "அப்ப ஊர்ல உள்ளவங்க எல்லாரும் இருக்காங்க. நாய்கூட இருக்கு. என் பையன் மட்டும் இல்ல."

லைல் மூடியை எடுத்து வாளியை மூடினான். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றாள் கொரின். "நாளைக்கு ஒரு பொண்ணு வர்றா. பிறந்து ரெண்டு நாள்ல போன குழந்தை. மினசோட்டாவுலருந்து அதை மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல வர்றா. நான்தான் போன்ல பேசினேன். லைல்னு ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட குடுத்தா பத்திரம்னு சொன்னேன். நீ சொல்லிட்டா உன் மனசு லேசாகும். அவ அந்தப் பொட்டலத்தை எங்க கொண்டு போவா?"

"என்னால அந்தப் பட்டையைப் போட்டுக்கிட்டு நடக்க முடியாது கொரின்."

"பதிமூணு வருஷம் முடிஞ்சுது. இனிமேயும் முடியும்."

தடியை ஊன்றி எழுந்தாள். அவன் கை கொடுக்கப் போனான். அவள் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவன் தண்ணீர்க் குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது வாசல் கூடாரத்திலிருந்து அவள் குரல் கேட்டது. புதியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டிகளை வேலி ஓரமாக நிறுத்த வேண்டும், கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது, நாலு மணி நேர வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். பிறகு சாம்பல் கதை. ஒரு வார்த்தை மாறவில்லை. "என் மகனைத்தான் முதல்ல கலந்தோம். அன்னையிலருந்து லைல் அதைக் கண்ணு மாதிரி பாத்துக்கிறார்" என்றாள். லைல் குழாயை விட்டுவிட்டான். தண்ணீர் அவன் கால்சட்டையை நனைத்தது. அவள் அவனைத் திட்டியிருக்கலாம், ஊரைக் கூட்டி முகத்தில் துப்பியிருக்கலாம். அதையெல்லாம் அவன் தாங்கியிருப்பான்.

மூன்று மணிக்கு விழாத் தொடக்கம். அதுவரை முழங்கிய முரசுகள் நின்றன. லைல் பட்டையைப் போட்டுக்கொண்டு, ஜனங்களுக்கு நடுவில் வாளியோடு நடந்து குழி ஓரத்தில் வைத்தான். அஸ்தி கொண்டு வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை வாளியில் கலப்பதற்காக அதை லைலிடம் ஒப்படைக்க, அறுபது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். முதலில் கொரின் வந்து வாளியைத் தொட வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள். அது எழுதாத வழக்கம். எல்லாரும் காத்திருந்தார்கள். கொரின் வரவில்லை.

டெஸ்மண்ட் அவன் காதண்டை வந்தான். "கொரின் எங்கப்பா? வாசல்ல வேற யாரோ இருக்காங்க. அவ வண்டியையும் காணோம்."

அப்போது லைலின் பைக்குள் போன் அதிர்ந்தது. நெருப்பு வட்டத்தில் போன் கூடாது என்று சட்டம் போட்டதே டெஸ்மண்ட்தான். "எடு எடு, அவளாத்தான் இருக்கும்" என்றான் அவனே.

லைல் நாலடி தள்ளிப் போய்க் காதில் வைத்தான். ஜெனல்.

"லைல், கொரின் இங்க வந்திருக்கா. கதவைத் தட்டல. தபால் பெட்டி பக்கத்துல வடிகால்ல உக்காந்து கையால மண்ணைத் தோண்டிட்டிருக்கா. இடுப்பு முடியாதவ, எப்படித்தான் கீழ இறங்கினாளோ. சொல்லிட்டியா நீ?"

"சொல்லிட்டேன்."

"நான் என்ன பண்றது? எனக்கு வெளிய போகவே கூசுது."

"போ" என்றான். "போய்க் கூட உக்காரு. எங்கெங்க கொட்டினேன்னு காட்டு. நீ ஜன்னல்லருந்து பார்த்தியே."

"நான் பார்த்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியட்டும் ஜெனல்."

அந்தப் பக்கம் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு திறக்கிற சத்தம். போன் அணைந்தது.

"என்னவாம்?" என்றான் டெஸ்மண்ட். எழுநூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவளுக்கு ஒரு வேலை வந்துடுச்சாம். நம்மளை ஆரம்பிக்கச் சொன்னா" என்றான் லைல்.

வரிசையின் முதலில் ஒரு இளம் பெண் நின்றாள். துணிப் பொட்டலம், எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். கொடுக்க மனசில்லாமல் கொஞ்சம் நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தாள். "லைல் நீங்கதானா?" என்றாள். "கொரினம்மா உங்களைப் பத்தி நிறையச் சொன்னாங்க."

லைலால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.